எரிமலை நீட்டிய அந்தி

நாகப்பட்டினம்
12 டிசம்பர் 2025

நாகேஸ்வரன் சார் அவர்களுக்கு,

காயாரோகணம் எழுதுகிறேன். எந்தக் காயாரோகணம் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் கட்டுரையில் பெயரில்லாமல் நிற்கிற "மீனவர் ஒருவர்" நான்தான்.

முப்பத்து மூன்று ஆண்டுகளாக உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இனியும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் பேத்தி மோகனப்பிரியா ஒரு வாரப்பத்திரிகையோடு வந்தாள். "தாத்தா, எத்தியோப்பியாவுல எரிமலை வெடிச்சுதுல்ல, அதப் பத்தி தஞ்சாவூர் வாத்தியார் ஒருத்தர் எழுதியிருக்காரு. நம்ம ஊர் பேரெல்லாம் வருது" என்றாள்.

படித்தேன். அந்தச் சாம்பல் தில்லி வானத்தைக் கடந்து போனதையும் விமானங்கள் நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். சரி. பிறகு 1991க்குப் போகிறீர்கள். பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ மலை வெடித்த பின், மாலைச் செவ்வானம் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றதாக நாகப்பட்டினம் மீனவர் ஒருவர் உங்களிடம் "சொன்னாராம்".

நான் சொல்லவில்லை சார். எண்ணினேன்.

1992 நவம்பரில் வந்த கட்டுரையிலும் இதே வரியைத்தான் எழுதினீர்கள். அப்போது அறியாமல் செய்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், இப்போது இரண்டாம் முறை. ஆகவே நடந்ததை நினைவுபடுத்துகிறேன்.

1991 ஆகஸ்டில் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திருவாரூரிலிருந்து கடற்கரைக்கு அழைத்து வந்தீர்கள். நான் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தேன். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வானம் சிவந்து, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய் அப்படியே நின்றது. நீங்கள் பிள்ளைகளுக்கு எரிமலைக் கதை சொன்னீர்கள். நான் குறுக்கே கேட்டேன்.

"வாத்தியாரே, எங்கேயோ சாம்பல் கெளம்புனா இங்க ஏன் செவக்குது?"

"சாம்பல் இல்லீங்க. சாம்பல் சீக்கிரம் விழுந்துடும். கந்தகப் புகைதான் மேல போய், ஈரத்தோட சேர்ந்து பொடிப்பொடித் துளியா நிக்குது. இருபது கிலோமீட்டர் உசரம். அங்க மழை கிடையாது, கழுவி விட ஆளில்லை. சூரியன் கீழ போனப்புறமும் அதுமேல வெளிச்சம் பட்டுக்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"யாராவது அளந்தாத்தான் தெரியும். கடிகாரம் வச்சிருக்கீங்களா?"

"ஊசி வச்சிருக்கேன்" என்று வலை ஊசியைத் தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் உங்களை நம்பினேன்.

அன்றே ஒரு முறை வகுத்தோம். சூரியன் மறைந்த நொடியிலிருந்து விளக்கில்லாமல் முடிச்சுப் போட வேண்டும். நூல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறபோது நிறுத்த வேண்டும். எத்தனை முடிச்சு என்பதுதான் அன்றைய அந்தியின் நீளம். மேகம் மூடிய நாளுக்குக் கணக்கில்லை. நீங்கள் முகவரி எழுதி ஒரு கட்டு அஞ்சலட்டை அனுப்பினீர்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் வரை நாற்பத்தொன்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எழுத்தை நானே கற்றேன். 1815இல் தம்போரா வெடித்ததும், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் பயிர் அழுகிப் பஞ்சம் வந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தது. போன மாதக் கடைசியில் இங்கே புயல்மழை கொட்டியபோது தெருவே எத்தியோப்பிய மலையைத் திட்டியது. "அடப் போங்கடா, அந்தச் சாம்பல் சீனாப் பக்கம் போய்ச் சேந்தாச்சு. இது நம்ம கடல்லயே பொறந்த புயல்டா" என்று சொன்ன ஒரே ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு உங்கள் கட்டுரையில் பெயர் கிடையாது.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். நாற்பத்தொரு அட்டைகளையும் திருப்பி அனுப்புங்கள்.

காயாரோகணம்


தஞ்சாவூர்
20 டிசம்பர் 2025

காயாரோகணம் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் சிறிது நேரம் வைத்திருந்தேன். என் மனைவி பர்வதம், "திட்டித்தான் எழுதியிருப்பார். திட்டட்டும், பிரிங்கோ" என்றாள்.

எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது. இனிப் பூசி மெழுகுவதில் பயனில்லை. பெயரை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

உங்கள் எண்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. 1992 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் 160. அடுத்த வாரம் 217. அதற்கடுத்த வாரம் 158. வானம் அப்படித் தாவாது. அந்தக் கந்தகத் துளிகள் ஒன்றிரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். இருக்கிற வரை சூரிய வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1992இல் பூமி முழுவதும் சராசரியாக அரை டிகிரி குளிர்ந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அரை டிகிரி சின்னதாகத் தோன்றும். ஆனால் நிலத்தின் மேல் விழுகிற மழையையே அது குறைத்துவிடும்.

நானும் அந்த ஆண்டு எங்கள் வயல் மேட்டில் வெப்பமானி ஒன்றை மாட்டி வைத்திருந்தேன். விடியற்காலையில் நாற்றங்கால் ஓரம் நின்று குறித்துக்கொண்டதெல்லாம் இன்னும் இருக்கிறது. சில்லென்ற விடியல்கள்தான். ஆனால் ஒரு வயலின் வெப்பமானியை வைத்து உலகம் குளிர்ந்தது என்று சொல்லக்கூடாது. பசிபிக் கடலும் அந்த ஆண்டு சூடாக இருந்தது, நம் மழையை அதுவும் இழுத்தடித்திருக்கும். அதனால் என் எண்களையும் கட்டுரையில் போடவில்லை.

உங்கள் எண்களைப் போட்டால் யாராவது இந்தத் தாவலைப் பிடித்துக்கொண்டு, மீனவர் குத்துமதிப்பாக அடித்துவிட்டார் என்று சிரித்திருப்பார்கள். உங்கள் பெயர் அந்தச் சிரிப்பில் மாட்ட வேண்டாம் என்று நினைத்தேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று பயம். கேட்காமலும் கோபித்துக்கொண்டீர்கள்.

அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. மூன்று வீடு மாறியும் டப்பா கூடவே வந்தது. அந்தத் தாவல் ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னால் அனுப்புகிறேன்.

நாகேஸ்வரன்


நாகப்பட்டினம்
29 டிசம்பர் 2025

நாகேஸ்வரன் சாருக்கு,

வானம் தாவாது என்று எனக்குத் தெரியாதா? எண்ணிக்கை ஒவ்வொன்றும் சரி. ஏன் என்று கேட்கக்கூடாது.

அட்டையில் எழுதுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நம் சண்டைக்குப் பின்னாலும் 1994 வரை எண்ணிக் குறித்தேன். அந்த நோட்டு இருந்திருந்தால் உங்களிடம் கையேந்தியிருக்க மாட்டேன். இருபத்தோரு வருஷத்துக்கு முன் கடல் உள்ளே வந்த காலையில் ட்ரங்குப் பெட்டியோடு போய்விட்டது. நாங்கள் ஊருக்குள் மாதாகோவில் பக்கம் போயிருந்ததால் பிழைத்தோம். பெட்டியில் இருந்த ஒரு காகிதமும் மிஞ்சவில்லை. மூன்று நாளைக்கு முன் அந்தத் தேதி வந்து போனது. கரையில் பூப்போட்டுவிட்டு வந்துதான் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அவை என் அட்டைகள். நிபந்தனை போடுவதற்கு நீங்கள் யார்?

காயாரோகணம்


தஞ்சாவூர்
8 ஜனவரி 2026

காயாரோகணம் அவர்களுக்கு,

நோட்டு போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

நேற்று அட்டைகளை எடுத்துக் கூடத்தில் தேதி வரிசையாகப் பரப்பினேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று. பர்வதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இது ரெண்டு பேர் எழுதினதுன்னா?" என்றாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிற அட்டைகள். கையெழுத்து மாறுவதை நானும் அப்போதே பார்த்திருக்கிறேன். சில நாட்களில் நீங்கள் எண்ணிச் சொல்ல வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். எண்ணுவதும் வேறு ஆளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிரித்து வைத்தோம். பெரிய எழுத்தாக, பேனா அட்டையைக் கிழிக்கிற அளவு அழுத்தி எழுதியவை இருபத்து நான்கு. அவற்றில் தேதியும் எண்ணும் உங்கள் பெயரும் தவிர வேறொன்றும் இல்லை. பொடி எழுத்தாக, உருட்டி எழுதியவை பதினேழு. பெரிய எண்கள் எல்லாம் இந்தப் பதினேழில்தான் இருக்கின்றன. இவற்றிலும் கீழே "காயாரோகணம்" என்றுதான் இருக்கிறது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் சிறு சிறு வரிகள். இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

"222. வானத்துக்கு இன்று இருட்ட மனமில்லை. உலை வைக்க மறந்துவிட்டேன்."

இன்னொன்று 1992 பிப்ரவரியில் வந்தது. "214. இவ்வளவு வெளிச்சத்திலும் படகு இன்னும் வரவில்லை."

இந்த இரண்டாவது அட்டைதான் அன்றைக்கு என்னைக் குழப்பியது. படகில் போனவர் நீங்கள். படகு வரவில்லை என்று நீங்களே கரையிலிருந்து எப்படி எழுதுவீர்கள்? இவர் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதுகிறார் என்று முடிவு செய்தேன். உங்கள் பெயர் விடுபட்டதற்கு உண்மையான காரணம் எண்களைவிட இந்த ஒரு வரிதான். போன கடிதத்தில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

யார் எழுதியது, காயாரோகணம்?

நாகேஸ்வரன்


நாகப்பட்டினம்
19 ஜனவரி 2026

சார்,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

என் மனைவி கமலவல்லி எழுதியது. 2009இல் காய்ச்சலில் போய்விட்டாள்.

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள். வலையில் கை வைக்க மாட்டார்கள். வலை ஆண்கள் வேலை. "பொம்பள பொத்துன வலையில என்னடா மாட்டும்?" என்று சிரிப்பான்கள். ஆனால் கமலவல்லிக்கு அவள் அப்பாவைப் பார்த்தே கை வந்திருந்தது. வீட்டுக் கொல்லையில், வேலிக்கு உள்ளே உட்கார்ந்து எனக்குப் பொத்திக் கொடுப்பாள். என்னைவிட வேகம். நான் மூன்று போடுவதற்குள் நான்கு போடுவாள். இது வெளியே தெரிந்தால் எனக்குக் கேவலம் என்று இருந்தேன். தெருவுக்கே தெரியாததை உங்களுக்கு எப்படி எழுதுவேன்?

விசைப்படகில் கூலிக்குப் போனால் இரண்டு மூன்று நாள் கரைக்கு வர மாட்டேன். அந்த வாரங்களில் எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதே. "நீ எண்ணு. எண்ணி அட்டையில எழுதிப் போட்டுடு. என் பேரப் போடு" என்றேன். நோட்டிலும் அவள் எண்ணையே குறித்தாள். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் அட்டையில் வேறு ஏதோ எழுதினாள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. ஒரு வரி கூட என்னிடம் சொன்னதில்லை.

எழுத்தை நானே கற்றேன் என்று எழுதினேன். அதுவும் பொய். அவள் ஐந்தாம் வகுப்பு. கல்யாணமான புதிதில் மணலில் எழுதிக் காட்டியவள் அவள். புத்தகம் படித்ததுதான் நானாகச் செய்தது.

1992இல் உங்கள் கட்டுரை வந்த அன்று வீட்டில் குதித்தேன். என் பெயர் எங்கே, ஒரு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எண்ணியவன் பெயர் எங்கே என்று கத்தினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"ஒங்க பேரு இல்லன்னு இவ்ளோ கோவமா? அப்ப எனக்கு எவ்ளோ வரணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் காது கேட்காத மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். சார், நான் முப்பத்து மூன்று வருஷம் பேசாமல் இருந்தது உங்களோடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முன்னாலெல்லாம் அவள் மீன் கூடையோடு சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது இருட்டிப்போகும். விளக்கேற்றி, சமைத்து, சாப்பிட்டுப் படுப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது பகலில் கிடையாது. அந்த எரிமலை வந்து எங்களுக்குத் தினமும் கால் மணி நேரம் கொடுத்தது. எண்ணுவதற்காக அவள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாள். நான் கரையில் இருக்கிற நாட்களில் இரண்டு பேரும் கொல்லையில் உட்காருவோம். நான் முடிச்சுப் போட, அவள் எண்ணுவாள். அவள் முகம், கூடை, வேலி, காய்கிற கருவாடு எல்லாம் அந்தக் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அங்கே மலை வெடித்த அன்றே புயலும் வந்து, ஈரமான சாம்பல் கூரை மேல் விழுந்து வீடுகள் நொறுங்கியது என்று நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். "அவங்க வீடு போயி நமக்கு வெளிச்சமா" என்றாள். அன்றைக்கு மட்டும் எண்ண மறுத்துவிட்டாள்.

1994 தை மாதம் வானம் பழையபடி ஆகிவிட்டது. நான் 118. அவள் 158. நோட்டு போனாலும் அந்த இரண்டு எண்ணும் போகவில்லை.

அவள் போட்டோவும் அந்தப் பெட்டியில்தான் போனது. இப்போது இருப்பது கடல் வந்த பிறகு புதிதாக வாங்கிய குடும்ப அட்டையில் ஒட்டிய மங்கல் படம் ஒன்று. அவள் கையால் எழுதிய ஒரு எழுத்து இந்த உலகத்தில் உங்கள் டப்பாவில் மட்டும்தான் இருக்கிறது. அட்டைகளைக் கேட்டது அதற்காக. பெயருக்காகவும்தான். ஆனால் முதலில் அதற்காக.

காயாரோகணம்


தஞ்சாவூர்
1 பிப்ரவரி 2026

அன்புள்ள காயாரோகணம்,

பதினேழு அட்டைகளையும் விரைவுத் தபாலில் நேற்றே அனுப்பிவிட்டேன். பர்வதம் அவற்றைப் பழைய பட்டுத் துணியில் சுற்றித்தான் உறையில் வைக்கவிட்டாள். உங்கள் இருபத்து நான்கை, அனுமதி தந்தால், நான் வைத்துக்கொள்கிறேன். தராவிட்டால் அனுப்பிவிடுகிறேன்.

அனுப்பும் முன் வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். உங்கள் எண்களைச் சிவப்பிலும் கமலவல்லி அவர்கள் எண்களைப் பச்சையிலும். இதற்கு முன் நாய் வால் மாதிரி கோணிக் கிடந்த கோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் 1991 ஆகஸ்டில் உயரத்தில் தொடங்கி, அவர்கள் நான்குக்கு நீங்கள் மூன்று என்ற அதே விகிதத்தில் இறங்கி வருகின்றன. நீங்கள் நினைவிலிருந்து சொன்ன 118ஐயும் 158ஐயும் தாளின் கடைசியில் வைத்தேன். இரண்டு கோடுகளும் போய் நிற்கிற இடம் அதுதான். நினைவை ஆதாரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். நான் ஏற்கிறேன்.

வானம் தாவவில்லை. கை மாறியது. கேட்டிருந்தால் ஒரு அஞ்சலட்டையில் முடிந்திருக்கும். வாத்தியாராக முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டே சம்பாதித்தவன், கேட்க வேண்டிய இடத்தில் நானே முடிவு செய்துகொண்டேன்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. "1991-92இல் அந்திவெளிச்சத்தை வலை முடிச்சுகளால் அளந்தவர்கள் நாகப்பட்டினம் காயாரோகணமும் அவர் மனைவி கமலவல்லியும்" என்று எழுதியிருக்கிறேன்.

பங்குனியில் திருவாரூர்த் தேருக்கு வருகிறோம். அங்கிருந்து நாகப்பட்டினம் ஒரு மணி நேரம்தான். வரலாமா?

நாகேஸ்வரன்


நாகப்பட்டினம்
14 பிப்ரவரி 2026

நாகேஸ்வரன் சாருக்கு,

பதினேழும் வந்தன. ஒரு நாளைக்கு ஒன்றுதான் படிப்பது என்று வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பதினொன்று. ஆறு மீதி இருக்கிறது.

என்னுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

உங்கள் திருத்தம் சரியில்லை. வேகமாக முடிச்சுப் போட்டவள் அவள், எழுதத் தெரிந்தவள் அவள். அவள் பெயர் முதலில் வர வேண்டும். "அவர் மனைவி" என்பதை எடுத்துவிடுங்கள். கமலவல்லி என்றால் போதும். அதை மாற்றாமல் இங்கே வர வேண்டாம். மாற்றினால் பர்வதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள். சூரியன் மறையும்போது கொல்லையில் இருக்க வேண்டும்.

இன்று மேகம் இல்லை. எரிமலையும் இல்லை, சாதாரண வானம். பழைய ஊசியை எடுத்து உட்கார்ந்தேன். கண் மங்கிவிட்டது, விரலும் பிடிப்பதில்லை.

43.

முடிச்சுப் போட்டது காயாரோகணம். எண்ணியது மோகனப்பிரியா.